ஒரு வீட்டுக்கு ஒரு கலயம்

தயிரைச் சோதிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றவில்லை.

செண்பகவல்லி அதைத்தான் முதலில் கவனித்தாள். கூடத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் பூட்ஸ் தடம். முன்னால் வந்த மத்தியப் போதை அமலாக்க அதிகாரி ஜெயசிங், கையிலிருந்த சிறிய பெட்டியை மண்கலயத்தின் வாயருகே நீட்டினார். மோப்ப நாய் செய்யும் வேலையைச் செய்வதற்கென்றே செய்த பெட்டி அது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முகத்தில் திருப்தியும் இல்லை, கோபமும் இல்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு காலமா இதை வச்சிருக்கீங்க?"

"அட்டையில போட்டிருக்கு சார்."

"அட்டையை நான் கேக்கலை. உங்களைக் கேக்கேன். இது கஞ்சான்னு தெரியுமா தெரியாதா?"

"தயிர் சார்."

"கஞ்சாச் செடிக்குள்ள என்ன ஊறுதோ அதையேதான் இந்தத் தயிர்ல இருக்கிற பூச்சி ஊற வைக்குது. செடிக்கு ஒரு சட்டம், பூச்சிக்கு ஒரு சட்டமா?"

"செடியை இழுத்தா போதை. இதைத் தின்னா எம்மகளுக்கு வலிப்பு நிக்கி. போதை வருதான்னு சந்தேகம்னா ஒரு கரண்டி தாரேன், தின்னு பாருங்க."

பின்னால் நின்ற காவலர் ஒருவர் சிரித்துவிட்டார். ஜெயசிங் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலானது.

அன்றைக்கு அவர்களால் கலயத்தைத் தொட முடியவில்லை. நீதிமன்றத் தடை இருந்தது. போகும்போது ஜெயசிங், மாநிலம் கொடுக்கிற அட்டையை வைத்து அரிசிதான் வாங்கலாம், எங்கள் சட்டத்தை வாங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

டாக்டர் நூர்ஜகான் என்பவர் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தயிர்ப் பூச்சி ஒன்றை, அதாவது பாலை உறைய வைக்கும் நுண்ணுயிர் ஒன்றை, மாற்றியமைத்தார். கஞ்சாவில் இருக்கும் பல சரக்குகளில் போதை தருவது ஒன்று, வலிப்பை அடக்குவது வேறொன்று. இரண்டாவதை மட்டும் செய்கிற பூச்சி அது. பாலில் விட்டால் தயிராகும். அந்தத் தயிரை இரண்டு கரண்டி சாப்பிட்டால், எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு அடங்கும். சோதனையில் சேர்ந்த குடும்பங்களில் கோவில்பட்டிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். பாதியில் மத்திய அரசின் உயிரிப் போதை அமலாக்கப் பிரிவு வந்து ஆய்வகத்தைப் பூட்டியது. அதற்குள் தயிர் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. ஆய்வகத்தைப் பூட்டலாம். வீட்டில் பால் காய்ச்சி உறை ஊற்றுவதை யார் பூட்டுவது? ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீடு, அங்கிருந்து அடுத்த தெரு என்று, மருந்து கிண்ணத்தில் நடந்தது.

செண்பகவல்லியின் மகள் முகிலாவுக்கு ஒன்பது வயது. தயிர் வருமுன் ஒரு நாளில் எத்தனை தடவை விழுவாள் என்று எண்ணுவதையே விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அப்பன் திருப்பூரில் வேலை பார்த்தான். மகள் விழுவதைப் பார்க்கப் பயந்தே மாதம் ஒருமுறைக்கு மேல் வரமாட்டான். தயிர் வந்தபின் முகிலா விழவில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டாள் என்று புகார் வந்தபோது செண்பகவல்லி அந்த டீச்சரிடம் சந்தோஷமாக மன்னிப்புக் கேட்டாள்.

ஆனால் ஒரு தடவை, அடுத்த தெருவில் வாங்கிய உறையில் வந்த தயிரைத் தின்றுவிட்டு முகிலா ஒன்றரை நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அந்த வீட்டுத் தயிர் வீரியம் கூடிப்போயிருந்தது, யாருக்கும் தெரியாது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த செண்பகவல்லி, அப்போது முடிவு செய்தாள். அளவு தெரியாதது மருந்து இல்லை. அரசாங்கம் வந்து அளக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது, எவ்வளவு வீரியம், யார் சாப்பிடலாம் என்று சட்டம் போட வேண்டும்.

பேட்டரி ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவள் அவள். சவாரி இல்லாத நேரத்தில் எல்லாம் இதற்காக அலைந்தாள். தாய்மார் சங்கம் ஒன்று உண்டானது, அவள்தான் செயலாளர். அமைச்சரைப் பார்த்தார்கள், சென்னைக்குப் போனார்கள், வெயிலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் மாநில அரசு மசோதா ஒன்றைத் தயாரித்தது. அது சட்டமாகும் வரைக்கும் தற்காலிகமாக அட்டை கொடுத்து, வாரம் ஒருமுறை வேன் அனுப்பி ஒவ்வொரு வீட்டுத் தயிரையும் அளந்தது. மத்தியப் பிரிவு நீதிமன்றம் போனது. நீதிமன்றம், மசோதா முடிவாகும்வரை அட்டை வைத்திருப்பவர்களைத் தொடக்கூடாது என்று தடை கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனைதான் மசோதாவின் ஏழாம் பிரிவு. ஒரு வீட்டுக்கு ஒரு கலயம். உறை கைமாறக் கூடாது. கைமாறினால் அது விநியோகம். விநியோகம் செய்கிறவருக்கு அட்டையும் இல்லை, தடையும் இல்லை.

அந்தப் பிரிவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கியவள் செண்பகவல்லிதான். பெண்கள் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மட்டும், உறைக்கு வந்தவளை இல்லைன்னு எப்படிளா அனுப்ப, வீட்டுல பால் திரிஞ்சு போகுமே என்று கேட்டாள். திரிஞ்சாலும் பரவாயில்லை மதினி, அனுப்பித்தான் ஆகணும் என்று செண்பகவல்லி சொன்னாள்.

பேச்சியம்மாளின் கணவர் அய்யாத்துரை லாரி ஓட்டுநர். விபத்தில் தலையில் அடிபட்டபின் வலிப்பு வந்து, லைசென்ஸ் போய், வீட்டில் இருந்தவர். தயிரால்தான் தனியாக பஸ் ஸ்டாண்டு வரை நடந்து டீ குடித்துவிட்டு வருகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

ஜெயசிங் வந்துபோன சில நாளில் ஒரு பெண் வந்தாள். கையில் எவர்சில்வர் கிண்ணம், இடுப்பில் செருகிய சேலை, காலில் தேய்ந்த செருப்பு. புதிதாகக் குடி வந்திருப்பதாகச் சொன்னாள். தன் பிள்ளைக்கும் அந்தச் சீக்கு இருப்பதாகச் சொல்லி, கிண்ணத்தை நீட்டி, உறைக்குக் கொஞ்சம் கொடுங்க என்று கேட்டாள். அட்டை வாங்கும்வரை காத்திருந்தால் பிள்ளை தாங்காது என்றாள்.

செண்பகவல்லி இல்லை என்றாள். அப்படிச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றாள். செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள்.

மற்ற வீடுகளில் ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை. சிலர் கொடுத்ததோடு, பாலை ரொம்பச் சூடாக வைத்து உறை ஊற்றிவிடாதே என்று பக்குவமும் சொல்லி அனுப்பினார்கள். பேச்சியம்மாள் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, நிறையக் கொடுத்தாள்.

வந்தவள் அமலாக்கப் பிரிவைச் சேர்ந்தவள்.

இரண்டு நாள் கழித்து வண்டிகள் வந்தன. வீடு வீடாகக் கலயங்களை எடுத்து, அந்தந்த வீட்டு அடுப்பிலேயே வைத்து, கொதிக்கும்வரை பக்கத்தில் நின்றார்கள். தயிரைக் கொதிக்க வைத்தால் வருகிற புளித்த நாற்றம் தெரு முழுக்க அடித்தது. கைது செய்யவில்லை. எல்லாருக்கும் வழக்கு மட்டும். செண்பகவல்லி வீட்டுக்கு ஜெயசிங் வந்து, வாசலில் நின்றபடியே, நீங்கள் ஒருத்தர்தான் சட்டத்தை மதித்தவர் என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அடித்ததிலேயே பெரிய அடி அதுதான்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் வந்தாள். கையில் கிண்ணம்.

"ஒரு கரண்டி குடு. எங்க அவுக ரெண்டு வேளை சாப்பிடலை."

"மதினி, அவங்க முக்குலதான் நிக்காங்க."

"நிக்கட்டும். உன்கிட்ட தங்கமா கேக்கேன்? உறை கேக்கேன்."

"நான் குடுத்தா என் கலயமும் போயிரும். அப்புறம் இந்த ஊர்லயே யார்கிட்டயும் இருக்காது. மசோதா வரட்டும் மதினி, முதல்ல உங்களுக்குத்தான் வாங்கித் தருவேன்."

"மசோதா எப்ப வரும்?"

"அடுத்த மாசம்."

பேச்சியம்மாள் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"அதுவரைக்கும் வலிப்பை வாசல்ல உக்காரச் சொல்லுதேன்" என்றாள். "நல்லா இரு."

அடுத்த நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அய்யாத்துரை விழுந்தார். பெஞ்சு முனையில் தாடை இடித்து, முன்பற்கள் போய், எலும்பு விரிசல் விட்டது. டீக்கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்டாண்டில் முதல் வண்டியாக நின்றது செண்பகவல்லியின் ஆட்டோ. கூட வந்தவர்கள் அதைத் தாண்டி இரண்டாவது வண்டியில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு தெருவில் அவளிடம் யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்தது பரவாயில்லை. பேசியது அதைவிட மோசம். அவள் குழாயடிக்குப் போனால், அட்டைக்காரம்மா வாராங்க, வழி விடுங்க என்று குடங்களை நகர்த்தினார்கள். ஆட்டோவின் பின்பக்கம் யாரோ சுண்ணாம்பால் 'போலீஸ் தயிர்' என்று எழுதினார்கள். அவள் துடைத்தாள், மறுபடி எழுதினார்கள், பிறகு துடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முகிலாவைப் பக்கத்தில் உட்காரவிடாமல் பிள்ளைகள் நகர்ந்துகொண்டார்கள். முகிலா இப்போது கிள்ள ஆளில்லாமல் இருந்தாள்.

செண்பகவல்லிக்கு ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. கலயம் இருக்கிறது, மசோதா வரும், வந்தால் எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு இவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அந்தப் பிடிமானம் ஒரு காலைச் சாப்பாட்டில் நழுவியது. தோசையைப் பிய்த்த முகிலாவின் கை பாதியில் நின்றது. கண் எங்கோ நின்றது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம்தான். பிறகு அவள் ஒன்றும் நடக்காதது போலத் தோசையை வாயில் வைத்தாள். செண்பகவல்லிக்கு அந்தப் பார்வை தெரியும். பெரிய மழைக்கு முன்னால் விழுகிற ஒற்றைத் துளி.

அந்த வார வேனில் வந்தவர், வீரியம் குறைந்திருக்கிறது, போன வாரமும் குறைந்தது என்றார். பால் மாற்றிப் பார்க்கச் சொன்னார். பால் மாற்றினாள். கலயம் மாற்றினாள். இன்னும் குறைந்தது.

பஸ் ஏறி நூர்ஜகானைப் பார்க்கப் போனாள். ஆய்வகம் போனபின் அவர் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தைப் பற்றிப் பொதுவில் பேசக்கூடாது என்று அவருக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. கல்லூரி வாசலுக்கு வெளியே, ஜூஸ் கடையில் நின்றுதான் பேசினார். வரவேற்கவில்லை. தன்னை இன்னும் என்ன இழுத்துவிடப் போகிறீர்கள் என்பது போலப் பார்த்தார்.

"தனியா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"சட்டப்படி அப்படித்தான டாக்டர்."

"சட்டம் பூச்சிக்குத் தெரியாதும்மா. இந்தச் சரக்கைச் செய்யிறது அதுக்கு ஒரு சுமை. வேண்டாத மூட்டையைத் தலையில ஏத்தி அனுப்பின மாதிரி. பத்துப் பதினஞ்சு தடவை உறை ஊத்துறதுக்குள்ள பாதிப் பூச்சி மூட்டையை இறக்கி வச்சிட்டு வெறுங்கையோட நடக்கும். வெறுங்கையா நடக்கிறது வேகமாப் பெருகும். அப்புறம் அது வெறும் தயிர்."

"இத்தனை மாசம் எங்க ஊர்ல அப்படி ஆகலையே."

நூர்ஜகான் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதுதான் புரியாம இருந்துச்சு. என் லேப்ல மூணு மாசம் தாங்கலை, உங்க ஊர்ல வருஷத்தைத் தாண்டிப் போகுது. அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க ஒரே கலயத்துல வச்சிருக்கலை. இன்னிக்கு அந்த வீட்டு உறை, நாளைக்கு இந்த வீட்டு உறை. ஒரு வீட்டுப் பூச்சி இறக்கி வச்ச மூட்டையை அடுத்த வீட்டுப் பூச்சி தூக்கிக் குடுக்கும். ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கிற வழி அதுங்களுக்கு உண்டு. கலந்துகிட்டே இருந்தா நிக்கும். கலக்கலைன்னா போயிரும். உங்க தெருப் பொம்பளைங்க கிண்ணத்தைத் தூக்கிட்டு அலைஞ்சதுதான் இந்த மருந்தோட உசுரு."

செண்பகவல்லி சேலை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஏழாம் பிரிவை வீடு வீடாகப் போய்ச் சொன்ன வாய் அது.

மசோதாவை நடத்திக்கொண்டிருந்த அரசு வழக்கறிஞர் மருதமுத்துவிடம் ஓடினாள். ஏழாம் பிரிவை மாற்றச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, இதை இன்னொருவர் காதில் போடாதீர்கள் என்றார். அந்தப் பிரிவு இருப்பதால்தான் நீதிமன்றம் தடை கொடுத்தது; அதில் கை வைத்தால் எல்லாம் சரியும். முதலில் சட்டம் வரட்டும், அடுத்த கூட்டத்தொடரில் திருத்தம் கொண்டுவரலாம் என்றார். அதுவரைக்கும் தயிர் இருக்காதே என்றாள். சட்டம் இருக்கும் என்றார் அவர். தேர்வுக்குழு முன்னால் நீங்கள் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும், வந்தவளுக்கு உறை கொடுக்க மறுத்தேன் என்று. மக்கள் கட்டுப்பாட்டோடு நடப்பார்கள் என்பதற்கு நீங்கள்தான் எங்கள் ஒரே சாட்சி.

சட்டமன்றத் தேர்வுக்குழு தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் கூடியது. வழக்கில் இருந்த பெண்கள் எல்லாரையும் வரவழைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி உள்ளே போகுமுன், தாழ்வாரத்தில் ஜெயசிங் அவள் பக்கம் வந்தார். சிரித்தமாதிரி இருந்தது.

"ஒரு நல்ல சேதி. எங்க எதிர்ப்பை இன்னிக்கு வாபஸ் வாங்குறோம். உங்க மசோதா வரட்டும்."

"ஏன் சார்?"

"நல்ல மசோதா. ஒரு வீட்டுக்கு ஒரு கலயம். நாங்க சொல்லி அவங்க போட்டதுதானே அந்தப் பிரிவு." குரலைத் தாழ்த்தவே இல்லை அவர். "எங்களுக்கும் லேப் இருக்கும்மா. நூர்ஜகானுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் தெரியும். வீடு வீடா ஏறி அடுப்புப் பத்த வைக்க எங்களுக்கு என்ன வேண்டுதலா? தனித்தனியாப் பிரிச்சு வச்சா அதுவே செத்துரும். வெறும் தயிருக்கு உங்க மாநிலம் சட்டம் போட்டு, அட்டை அடிச்சு, வேன் விட்டா விடட்டும்."

"இதை நான் உள்ள போய்ச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. சொன்ன நிமிஷம், கைமாறாம இந்த மருந்து கிடையாதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. இன்னிக்கே தடையை உடைப்போம். சொல்லாம விட்டா உங்க மகளுக்கு ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஓடும். எது பெருசுன்னு தாய்க்குத் தெரியாதா."

உள்ளே கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவர் வயதான பெண் உறுப்பினர். அந்த அம்மாளுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை என்பது அவர் விசிறிக்கொண்ட விதத்தில் தெரிந்தது. மருதமுத்து எழுந்து, ஊரே தவறியபோது தவறாமல் நின்ற பெண் என்று செண்பகவல்லியை அறிமுகப்படுத்தினார். கடைசி வரிசையில் யாரோ காறினார்கள். வந்த பெண்ணுக்கு உறை கொடுத்தீர்களா என்று தலைவர் கேட்டார்.

"குடுக்கலை."

மருதமுத்து தலையசைத்தார். அவள் உட்காரவில்லை.

"குடுக்காததுனால என் கலயம் இப்ப செத்துக்கிட்டு இருக்கு. குடுத்தவங்க கலயம்தான் இத்தனை மாசம் நல்லா இருந்துச்சு. நீங்க வேன் வச்சு அளந்திருக்கீங்க, எடுத்துப் பாருங்க. கைமாறினாத்தான் இது மருந்து. ஏழாம் பிரிவோட நீங்க சட்டம் போட்டா, மூணு மாசத்துல எங்க பிள்ளைகளுக்கு மோர்ச்சோத்துக்குத்தான் அட்டை குடுத்திருப்பீங்க."

மருதமுத்து எழுந்து, சாட்சி குழம்பியிருக்கிறார் என்றார். அவள் குழம்பவில்லை என்பது அவருக்கும் தெரியும் என்று அவர் முகமே சொன்னது.

"இரும்மா" என்றார் தலைவர். "அளக்கணும், கட்டுப்படுத்தணும்னு வருஷக்கணக்கா எங்க வாசல்ல வந்து உக்காந்தது நீ. இப்ப கட்டுப்பாடு வேண்டாங்கிற. நீ யார் பக்கம்?"

"கட்டுப்பாடு வேணும். அளக்காம விட்டு எம்மக ஒன்றரை நாள் பொணமாக் கிடந்தா. இப்பவும் அதைத்தான் கேக்கேன். ஆனா வீட்டுக்கு அட்டை குடுக்காதீங்க, தெருவுக்குக் குடுங்க. அந்த அட்டையில உள்ள வீடுகளுக்குள்ள மாத்திக்கிடட்டும். மாத்தின பிறகு உங்க வேன் வந்து அளக்கட்டும். கூடிப்போனா நிறுத்தட்டும். பால் வாங்கிற சங்கம் எத்தனை வீட்டுப் பாலைக் கலந்து அளக்கு, அது முடியும்னா இது முடியாதா?"

தலைவர் விசிறியை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம் ஏதோ கேட்டார்.

ஜெயசிங் எழுந்தார். மத்தியப் பிரிவு காலையில் தெரிவித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறது என்றார். எதிர்ப்பு தொடரும், தடையை நீக்கக் கோரி உடனே மனு செய்யப்படும் என்றார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். காலையில் எதற்குச் சம்மதித்தீர்கள் என்று அந்த அம்மாள் அவரைக் கேட்டார். ஜெயசிங் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

குழு ஏழாம் பிரிவை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. மசோதா தள்ளிப்போனது, எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்த மருதமுத்து, நல்லா மண்ணள்ளிப் போட்டீங்க என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பெண்கள் ஒரே வேனில் வந்திருந்தார்கள். அவளுக்கும் இடம் இருந்தது. யாரும் ஏறச் சொல்லவில்லை. அவள் பஸ்ஸில் வந்தாள்.

சாயங்காலத்துக்குள் தடை போய்விட்டது. அவள் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு வாசலில் வண்டி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த முகிலா வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லியே அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள். இவர்கள் கையால் தன் அடுப்பு எரிய வேண்டாம் என்று பட்டது. கொதித்துத் திரிந்து மேலே வந்த நீரைப் பார்த்துவிட்டு, பெட்டியை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் போனார்கள். வண்டி தெருமுனை வரைக்கும் போய் அங்கேயே நின்றுகொண்டது.

முகிலா சாப்பிட வந்து உட்கார்ந்தாள். தயிர் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றாள் செண்பகவல்லி. நாளைக்கு உண்டா என்று கேட்டாள். செண்பகவல்லி தட்டில் ரசத்தை ஊற்றினாள். மகள் சோற்றைப் பிசைகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு பிசைந்தது. நின்றதா, அல்லது தான் பயத்தில் அப்படிப் பார்த்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கை கழுவப் பின்வாசலுக்கு வந்தாள். பேச்சியம்மாள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் அய்யாத்துரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடையில் கட்டு. விழுந்து இத்தனை வாரம் ஆகிறது. அதன்பிறகு ஒருமுறைகூட அவர் விழுந்ததாகக் கேள்விப்படவில்லை என்பது அப்போதுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது. கலயத்தைக் கொதிக்க வைத்துவிட்டார்கள். பிறகு எப்படி விழாமல் இருக்கிறார்?

பேச்சியம்மாள் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"எட்டயபுரத்துல எங்க நாத்தனா வீட்டுல இருக்கு" என்றாள், பாத்திரத்தைப் பார்த்தே. "போன தீபாவளிக்கே குடுத்துவிட்டேன். நீ குடுக்கக்கூடாதுன்னு வீடு வீடா வந்து சொன்ன மறுநாள். அவ அட்டையும் வாங்கலை, ஒண்ணும் வாங்கலை. வச்சிருக்காளோ விட்டுட்டாளோன்னு இருந்தேன், அவுக விழுந்த மறுநாள் போய்ப் பாத்தா நல்லாவே இருக்கு, வாங்கியாந்துட்டேன். அவகிட்ட இருந்து அந்த ஊர்ல எத்தனை வீட்டுக்குப் போச்சோ."

செண்பகவல்லி சுவரை ஒட்டி வந்தாள்.

"நீ வந்து சுவர்ல நின்னா நான் அள்ளிக் குடுக்கணுமோ? கேக்குறதுன்னா கேளு."

"மதினி."

"மதினின்னு கூப்பிட்டா கேட்டதா ஆகுமா?"

செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, உறைக்குக் கொஞ்சம் குடுங்க."

பேச்சியம்மாள் எழுந்து, கையைச் சேலையில் துடைத்து, நேராக அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

கட்டிலில் இருந்த அய்யாத்துரை திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி தலையாட்டினாள். அந்தச் சொல் வரும் என்று தெரிந்துதான் கேட்டிருந்தாள். அது தனக்குரியதுதான் என்றும் தெரியும். திரும்பி இரண்டடி வைத்தாள்.

"எங்க போற? இந்தச் சொல்லைச் சொல்லணும்னு தினமும் நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன். சொல்லிப் பாத்துட்டேன், வாய்க்கு நல்லாவே இல்ல" என்றாள் பேச்சியம்மாள். "நீ எப்படித்தான் சொன்னியோ. போ, ஏனத்தைக் கொண்டா. வாசல் வழியா வராதே, முக்குல வண்டி நிக்கி."